சாய்சதுரம் யாருமே கேட்கலை: ஸ்பானிஷில் வடிவமும் அளவும், 16 மாத அனுபவம்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுல ஒரு பழம்பொருள் கடையில வேலை பார்க்கிறேன். மார்கழி, தை வந்தா வெளிநாட்டுக்காரங்க வரத்து அதிகம். இங்கிலீஷ்காரங்களை எப்படியோ ஓட்டிடுவேன். ஸ்பெயின்லேர்ந்து வர்றவங்ககிட்டதான் கையை விரிச்சு, சுருக்கி ஊமை நாடகம். பேரம் பேசக் கால்குலேட்டர் போதும். ‘இதைவிடச் சின்னது, இன்னும் அகலமா’ன்னு கேட்டா என்ன பண்றது? சரி, வடிவம், அளவு வார்த்தைகளையாவது படிச்சு வைப்போம்னு இறங்கினேன்.

முதல்ல காசு கட்டி ஒரு செயலி வாங்கினேன். மூணு மாசம் கலர் கலரா படம் காட்டுச்சு: வட்டம், முக்கோணம், சாய்சதுரம், நட்சத்திரம். சாய்சதுரத்துக்கு ‘ரோம்போ’. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ஆனா கடைக்கு வந்தவங்கள்ல ஒருத்தர்கூட சாய்சதுரம் கேட்கலை. ‘வட்டம் குடுங்க’ன்னு யார் கேட்பா? வட்டமான தட்டுன்னுதான் கேட்பாங்க. அதுக்கு வேற வார்த்தை, ‘ரெதோந்தோ’. அது எட்டாவது பாடத்துலதான் வந்துச்சு.

அப்புறம் ஆண்ட்ராய்டுல இலவசமா கிடைக்கிற ஆன்கிட்ராய்டு (AnkiDroid)ங்கிற மனப்பாடக் கார்டு செயலிக்கு மாறினேன். கடைச் சாமானையே போட்டோ எடுத்து நானே கார்டு போட்டேன். மரவை, கூஜா, எனாமல் தூக்கு, பித்தளை அண்டா. தெரிஞ்ச கார்டு நாள் தள்ளித் தள்ளி வரும், தப்பு விட்டது உடனே திரும்ப வந்து நிக்கும். கூட்டமில்லாத மத்தியானத்துல பத்து நிமிஷம், அவ்வளவுதான்.

அப்பவும் ஒருநாள் மானம் போச்சு. ஒரு ஸ்பெயின் அம்மாகிட்ட பெரிய அண்டாவைக் காட்டி ‘முய் லார்கோ’ன்னேன். இங்கிலீஷ் ‘லார்ஜ்’ மண்டையில உட்கார்ந்திருக்கு. லார்கோன்னா நீளம். அந்தம்மா அண்டாவைச் சுத்திச் சுத்திப் பார்க்குது.

“என்ன தம்பி தேடுது?”ன்னு ஓனர் கேட்டார்.

“அண்டா ரொம்ப நீளம்னு சொல்லிட்டேன் அண்ணே.”

பெரிசுக்கு ‘கிராந்தே’. இதுல ஒரு விஷயம் நம்மாளுக்கு டக்குனு புரியும். ‘ஓம்ப்ரே கிராந்தே’ன்னா ஆள் ஆகிருதியா இருக்கார்னு அர்த்தம். அதையே முன்னாடி போட்டு, வாலை வெட்டி ‘கிரான் ஓம்ப்ரே’ன்னா நம்ம ஊர்ல சொல்ற பெரிய மனுஷன். செயலி இதுக்கு ஒரு பக்கம் விதி எழுதியிருந்தது. நான் கார்டுல ‘பெரிய மனுஷன்’னு ரெண்டே வார்த்தை எழுதினேன், இன்னைக்கு வரைக்கும் மறக்கலை.

நமக்கு வட்டம் வேற, உருண்டை வேற. அவங்களுக்குத் தட்டும் ரெதோந்தோ, சீயமும் ரெதோந்தோ. மாறா நாம தடியான ஆள், தடியான பலகைன்னு ஒரே வார்த்தையில முடிச்சுடுவோம். அவங்க ஆளுக்கு ‘கோர்தோ’, பலகைக்கு ‘குருவேசோ’ன்னு பிரிப்பாங்க. உச்சரிப்புல சின்னதுக்கான ‘பெக்கேஞோ’ நமக்குச் சுலபம், ‘ஞ’ நம்ம எழுத்தாச்சே. ரெதோந்தோவோட முதல் எழுத்தை மட்டும் நாக்கை நல்லா உருட்டணும்.

இன்னும் கழுத்தறுக்கிறது ஆண்பால் பெண்பால்தான். தட்டு ஆண், அதனால ‘பிளாத்தோ ரெதோந்தோ’. மேசை பெண், அதனால ‘மேசா ரெதோந்தா’. (நம்ம ‘மேசை’யே போர்ச்சுகீஸ்காரங்க விட்டுட்டுப் போன ‘மேசா’தானாம், அதனால அந்தக் கார்டு ஓசி.) 16 மாசம் கழிச்சும் பத்துக்கு மூணு தப்பு வருது. தப்பாச் சொன்னாலும் சாமான் விக்குது.

போன தையில பார்சிலோனாக்காரர் ஒருத்தர் கடைத் தரையில இருந்த ஆத்தங்குடிக் கல்லைக் குனிஞ்சு தடவிப் பார்த்தார். ‘பால்தோசா இத்ராவ்லிக்கா’ன்னார், அதாவது சிமெண்டுத் தரைக்கல். அவங்க ஊர்ப் பழைய வீடுகள்லயும் சிமெண்டுக் கல்தானாம். அங்கே பிரஸ்ல வச்சு அழுத்துவாங்க, இங்கே கண்ணாடி மேல கலர் ஊத்திக் கையால செய்யறோம். நான் ‘குவாத்ராதா’ன்னு சதுரத்தைச் சரியாப் பெண்பால்ல சொன்னேன். அவர் பில் புக்கை வாங்கி அறுகோணம் ஒன்னு வரைஞ்சு ‘எக்ஸாகொனால், கௌதி’ன்னார். அவங்க ஊர் பசேச் தெ கிராசியாங்கிற தெருவோட நடைபாதையில கட்டடக் கலைஞர் கௌதி வடிவமைச்ச அறுகோணக் கல் பதிச்சிருக்காங்க. எக்ஸாகொனாலுக்கு ஆண்பால் பெண்பால் தொல்லை கிடையாது. அன்னைக்கு ராத்திரியே கார்டு போட்டேன், அவர் வரைஞ்ச பில்லையே போட்டோ எடுத்து.

இப்ப என்கிட்ட 140 கார்டு. செயலியோட சந்தாவைப் புதுப்பிக்கலை.