அப்பிள் கன்று வாங்க முன் இதை வாசியுங்கள் (மட்டக்களப்பு ஆக்களுக்கு)

2023 ஐப்பசியில், மழை தொடங்கின கையோடு, டவுனுக்கு வெளியே ஒரு கன்றுக் கடையில் 2 அப்பிள் ஒட்டுக்கன்று வாங்கினேன். ஒன்று 2,500 ரூபா. கூடவே ஒரு டொம் ஜேசி மாங்கன்றும் ஒரு ஜம்புவும். கடையின் பெயர் வேண்டாம், மற்ற இரண்டும் அருமையான கன்றுகள். அப்பிளுக்குப் பழக்குலையோடு ஒரு படம் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள், சின்ன மகள் கையைப் பிடித்து இழுத்தாள், அவ்வளவுதான்.

என்ன இனம் என்று கேட்டேன். "சிவப்பு அப்பிள் அண்ணே, இஞ்ச நல்லா வரும்" என்றார் கடைத் தம்பி. அந்தப் பதிலோடு திரும்பி வந்திருக்க வேணும்.

அப்பிள் மரம் குளிரில் உறங்கி எழும்பினால்தான் ஒழுங்காகப் பூக்கும். 7 பாகை செல்சியசுக்குக் கீழே எத்தனை மணித்தியாலம் நிற்கிறது என்பதுதான் கணக்கு, பல இனங்களுக்கு 800, 1000 என்று தேவை. நம்முடைய ஊரில் மார்கழி விடியப்புறத்திலும் 20க்குக் கீழே இறங்குவது அபூர்வம். குறைந்த குளிர் போதுமான இனங்கள் இல்லாமல் இல்லை: இஸ்ரேலில் உருவாக்கிய அன்னா, பஹாமாஸ் தீவில் கிடைத்த டோர்செட் கோல்டன், இமாச்சலப் பிரதேசத்து எச்ஆர்எம்என் 99. அதிலும் அன்னாவைத் தனியே வைத்தால் காய் பிடிப்பது குறைவு, மகரந்தத்துக்குப் பக்கத்தில் டோர்செட் கோல்டன் போல வேறொரு இனம் வேணும். பெயரே தெரியாத இரண்டு கன்றை வைத்துக்கொண்டு நான் யாருக்கு யாரைச் சோடி சேர்ப்பது?

நட்டதில் என் பிழையும் உண்டு. பையைக் கிழித்தால் வேர் கயிறு மாதிரிச் சுருண்டு கிடந்தது, ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்குள் புதைந்திருந்தது. அதைப் பார்த்தும் ஒரு கன்றை அப்படியே பள்ளமான பக்கத்தில் வைத்தேன், மாரி வெள்ளம் நின்று தை மாதமே அழுகிப் போனது. மற்றதை மேட்டில், வேரைப் பிரித்துவிட்டு, ஒட்டு மண்ணுக்கு மேலே நாலு விரல் தெரிய, மாட்டெரு கலந்து நட்டேன். அது பிழைத்தது. மறுகா ஆனி ஆடிக் கச்சான் காற்றில் இலை ஓரமெல்லாம் கருகி, ஒட்டுக்குக் கீழே இருந்து அடிமரத்துத் தளிர் மேற்கன்றைவிட வேகமாகக் கிளம்பியது. கண்ட கண்ட நேரமெல்லாம் கிள்ளிக்கொண்டே இருக்க வேணும்.

இந்தோனேசியாவின் மலாங் பக்கத்து மலைகளில் அறுவடை முடிந்ததும் இலையைக் கையால் உருவி மரத்தைப் பூக்க வைக்கிறார்கள். சரி என்று நானும் உருவினேன். புது இலை வந்தது. பூ இல்லை. அது மலைக் குளிர், இது கடற்கரை வெயில்.

கடையில் போய்ச் சொன்னால் "பசளை காணாது அண்ணே" என்று 600 ரூபாவுக்கு ஒரு பைக்கற்றை நீட்டினார். அதையும் வாங்கினேன், என்னைச் சொல்ல வேணும்.

ஜம்பு இந்த வருடம் காய்த்துவிட்டது, மா பூத்திருக்கிறது. அவற்றுக்கு 5க்கு 4 கொடுப்பேன். அப்பிளுக்கு ஒன்று, அதுவும் மனைவி உடுப்புக் காயப்போடும் கொடியின் ஒரு முனையை அதில் கட்டியிருப்பதால்.