அன்னா, கேத்லீன், ரோஸ்: மூன்று பிரிட்டிஷ் நுவார் படங்களில் எதை முதலில் பார்ப்பது?

நுவார், அதாவது இருட்டும் குற்றமும் நிறைந்த பழைய பிரிட்டிஷ் மர்மப் படம் ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டால் பலருக்கும் சட்டென்று வாயில் வருவது 'தி தேர்ட் மேன்'. 1999-ல் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் நடத்திய வாக்கெடுப்பில், பிரிட்டன் தந்த சிறந்த படம் என்று முதலிடம் பிடித்ததும் அதுதான். நானும் பல பேரிடம் அதைத்தான் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். ஆனால் அதையொட்டி வந்த இரண்டு படங்கள் அதன் நிழலில் ஒதுங்கிப்போனதில் எனக்கு வருத்தம் உண்டு. 1947-ல் வந்த 'ஆட் மேன் அவுட்', அதே வருடத்து 'பிரைட்டன் ராக்'. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான், முதலிடம் பிடித்த படம் எதனால் பிடித்தது என்பதும் விளங்கும்.

இவை மூன்றும் கிட்டத்தட்ட பங்காளிகள். 'ஆட் மேன் அவுட்', 'தி தேர்ட் மேன்' இரண்டையும் இயக்கியவர் கரோல் ரீட். இரண்டுக்கும் ஒளிப்பதிவு ராபர்ட் கிராஸ்கர். 'பிரைட்டன் ராக்' ஜான் போல்ட்டிங் இயக்கம், தயாரிப்பு அவருடைய இரட்டைச் சகோதரர் ராய். அதன் மூலக்கதை கிரஹாம் கிரீன் 1938-ல் எழுதிய நாவல். 'தி தேர்ட் மேன்' திரைக்கதையும் அதே கிரீன்தான். மூன்றின் முடிவையும் சொல்லாமல் இந்த ஒப்பீட்டைச் செய்ய முடியாது. முடிவு தெரியாமல் பார்க்க விரும்புகிறவர்கள் படங்களைப் பார்த்துவிட்டு வந்து மிச்சத்தைப் படிக்கலாம்.

கதைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'பிரைட்டன் ராக்'கில் பிங்கி, பால்முகம் மாறாத ஒரு கும்பல் தலைவன். ஒரு கொலையை மறைக்க, அதற்குச் சாட்சியாகிவிடக்கூடிய ரோஸ் என்ற ஹோட்டல் பணிப்பெண்ணைக் காதலிப்பதுபோல நடித்துக் கல்யாணமே செய்துகொள்கிறான். மனைவி என்றால் கோர்ட்டில் சாட்சி சொல்ல வைக்க முடியாது என்பது அவன் கணக்கு. 'ஆட் மேன் அவுட்'டில் ஜானி, ஒரு தலைமறைவு இயக்கத்தின் தலைவன். ஊர்ப் பெயர் படத்தில் வராது, ஆனால் பெல்ஃபாஸ்ட் என்று பார்த்ததுமே தெரியும். மில் ஒன்றில் கொள்ளையடிக்கப் போய், கைகலப்பில் ஒருவனைக் கொன்று, தானும் குண்டடிபட்டு, ரத்தம் வடிய ஒரே இரவு முழுக்கத் தெருத்தெருவாக அலைகிறான். அவனைக் காதலிக்கும் கேத்லீன் அவனைத் தேடி அலைகிறாள். 'தி தேர்ட் மேன்', போருக்குப் பின் நான்கு நாட்டு ராணுவங்கள் பங்கு போட்டுக்கொண்ட வியன்னாவில் நடக்கிறது. மலிவு விலை கௌபாய் கதைகள் எழுதும் அமெரிக்கர் மார்ட்டின்ஸ், நண்பன் ஹாரி லைம் கூப்பிட்டான் என்று வந்து இறங்கினால், ஹாரிக்கு அன்றைக்கு இறுதிச் சடங்கு. விபத்து நடந்தபோது உடலைத் தூக்கியவர்கள் இரண்டு பேர் என்கிறார்கள் சிலர். மூன்று பேர் என்கிறார் அந்தக் கட்டடத்தின் காவலாளி. அந்த மூன்றாவது ஆள் யார்?

மர்மத்தின் கட்டுமானத்தை மட்டும் பார்த்தால் போட்டியே இல்லை, 'தி தேர்ட் மேன்'தான். மற்ற இரண்டிலும் கொலைகாரன் யார் என்று ஆரம்பத்திலேயே நமக்குத் தெரியும். ஆர்சன் வெல்ஸ் நடித்த ஹாரி லைம், படம் பாதி தாண்டிய பிறகுதான் முகத்தைக் காட்டுகிறான். அதுவரை எல்லோரும் அவனைப் பற்றிப் பேசிப் பேசியே அவனை நம் மனதில் கட்டி எழுப்புகிறார்கள். ஹாரியின் காதலி அன்னாவின் பூனை மார்ட்டின்ஸிடம் ஒட்டவில்லை. அதற்கு ஹாரியை மட்டும்தான் பிடிக்கும் என்கிறாள் அவள். பூனை ஜன்னல் வழியாக நழுவி, ராத்திரித் தெருவில் ஓர் இருண்ட வாசலுக்குப் போய், அங்கே நிற்கும் யாரோ ஒருவரின் ஷூவில் உரசுகிறது. குடித்துவிட்டுத் தெருவில் கத்தும் மார்ட்டின்ஸின் சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னலில் விளக்கு எரிகிறது. வெளிச்சம் நேரே அந்த முகத்தில் விழ, செத்துப்போனவன் புன்னகைக்கிறான். ஒரு வார்த்தை பேசாமல் ஒரு பூனையையும் ஒரு விளக்கையும் வைத்துக்கொண்டு கதையைத் தலைகீழாகப் புரட்டிப்போடுகிறார் ரீட்.

ஊரைக் காட்டும் விதத்தில் மூன்றும் மூன்று வழி. வியன்னாவின் இடிபாடுகள் செட் இல்லை, நிஜம். கிராஸ்கர் ஈரமான கல்தெருக்களில் வெளிச்சத்தைப் பாய்ச்சி, கேமராவையே சாய்த்து வைத்துப் படம் பிடித்தார். அந்தச் சாய்வு எவ்வளவு பேசப்பட்டது என்றால், இயக்குநர் வில்லியம் வைலர் ஒரு ரசமட்டத்தை ரீடுக்குப் பரிசாகக் கொடுத்து, அடுத்த படத்தில் இதைக் கேமரா மேல் வைத்துக்கொள்ளுங்கள் என்றாராம். சாய்வு வெறும் அலங்காரம் இல்லை என்பது என் கட்சி. மொழி தெரியாத ஊரில், யாரை நம்புவது என்று தெரியாமல் நிற்கும் ஒருவன் பார்வையில் எந்தக் கட்டடமும் நேராக நிற்காது. கிராஸ்கருக்குக் கறுப்பு வெள்ளை ஒளிப்பதிவுக்கான ஆஸ்கர் கிடைத்தது.

பெல்ஃபாஸ்டில் சாய்வு குறைவு, இருட்டு அதிகம். மழையில் தொடங்கி பனியில் முடியும் அந்த இரவில் ஜானி ஒதுங்கும் மதுக்கடை ஒரு முக்கியமான இடம். பெல்ஃபாஸ்டின் புகழ்பெற்ற கிரௌன் பாரைப் பார்த்து டென்ஹம் ஸ்டுடியோவில் அப்படியே கட்டியது. அங்கே மர அடைப்புக்குள் தனியாகக் கிடக்கும் ஜானியின் கண்ணெதிரே மேஜையில் சிந்திய பீரில் குமிழிகள் எழுகின்றன. ஒவ்வொரு குமிழியிலும் அன்று அவன் சந்தித்தவர்களின் முகம் தெரிந்து, எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். காய்ச்சலில் படுத்தவர்களுக்குத் தெரியும் அந்த இரைச்சல்.

'பிரைட்டன் ராக்' நுவாருக்கே விரோதமான ஓர் இடத்தில் தொடங்குகிறது: வெயில், கடற்கரை, விடுமுறைக்கு வந்த கூட்டம். அந்தக் கூட்டத்துக்கு நடுவே ஒருவனை நான்கு பேர் துரத்துகிறார்கள். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அவன் உயிர் போவது, கடலுக்குள் நீளும் பியர் என்ற கேளிக்கைப் பாலத்தில், குழந்தைகள் பயந்து சிரிக்கும் பேய் ரயிலுக்குள். இருட்டில் நடக்கும் கொலையைவிட ஐஸ்கிரீம் சாப்பிடுகிறவர்களுக்குப் பக்கத்தில் நடக்கும் இந்தக் கொலை என்னை அதிகம் உலுக்கியது. தொடக்கக் காட்சிக்கு மட்டும் மார்க் போடச் சொன்னால் என் ஓட்டு பிரைட்டனுக்கு.

நடிப்பு என்று வந்தால் வெல்ஸைத்தான் எல்லோரும் சொல்வார்கள். ராட்சத ராட்டினத்தின் உச்சியில் நின்றுகொண்டு, கீழே எறும்பாகத் தெரியும் மனிதர்களைக் காட்டி, அந்தப் புள்ளிகளில் ஒன்று அசையாமல் நின்றுபோனால் உனக்கு என்ன, ஒவ்வொன்றுக்கும் 20,000 பவுண்டு தருகிறேன் என்றால் வேண்டாம் என்பாயா என்று அவன் கேட்கும் காட்சி பிரமாதம்தான். ராட்டினத்திலிருந்து இறங்கியதும் ஹாரி சொல்லும், ஐநூறு வருட அமைதியில் சுவிட்சர்லாந்து தந்தது குக்கூ கடிகாரம்தான் என்ற வசனத்தை வெல்ஸே சேர்த்தார். ஆனால் மூன்று பேரில் என்னைப் பயமுறுத்தியவன் பிங்கிதான். நடித்தவர் ரிச்சர்ட் அட்டன்பரோ. நமக்கு அவர் 1982-ல் 'காந்தி' எடுத்த வெள்ளைத்தாடிப் பெரியவர். அந்த மனிதரா இது என்று திகைக்க வைப்பார். எப்போது பார்த்தாலும் விரல்களில் ஒரு நூலைக் கோத்து இழுத்துக்கொண்டிருப்பார். குரலை உயர்த்த மாட்டார், கண்ணை இமைக்க மாட்டார். ஹாரிக்கு வசீகரம் இருக்கிறது, அதில் ஏமாறலாம். பிங்கியிடம் ஏமாற எதுவுமே இல்லை. அவனையும் ஒருத்தி காதலிக்கிறாளே என்பதுதான் வேதனை.

ஜேம்ஸ் மேசனின் ஜானி வேறு ரகம். படத்தின் பெரும்பகுதியில் அவர் ஒரு காயம்பட்ட உடல், அவ்வளவுதான். வில்லியம் ஆல்வின் அமைத்த அந்தக் கனத்த இசைக்கு அவர் தள்ளாடி நடப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். இடைவெளி விடாமல் நம்மைப் பிடித்து வைத்திருக்கும் அந்தப் படம், கடைசி அரை மணி நேரத்தில் ராபர்ட் நியூட்டன் நடித்த ஓவியன் வந்ததும் தடுமாறுகிறது. சாகப்போகிறவனின் கண்களை வரைய வேண்டும் என்று துடிக்கும் பாத்திரம். யோசனை நல்லது, நடிப்பு மிகை. முதல் பாதியில் இருந்த நிதானம் அங்கே கலைந்துபோகிறது. அந்தக் குறையோடும் பிரிட்டிஷ் ஃபிலிம் அகாதமியின் சிறந்த பிரிட்டிஷ் படத்துக்கான முதல் விருது அதற்கே போனது, அது நியாயமானதுதான்.

என்னைப் பொறுத்தவரை உண்மையான போட்டி இந்த ஆண்களுக்குள் இல்லை. மூன்று படங்களிலும் ஒரு பெண் இருக்கிறாள். அவள் நேசிப்பவன் கொலைகாரன், போலீஸ் தேடுகிறது, அவனைக் கைவிடச் சொல்லி ஊரே புத்தி சொல்கிறது. கொலை செய்தது யார் என்பதைவிட இவள் இனி என்ன செய்வாள் என்பதுதான் படத்தைக் கடைசிவரை இழுத்துக்கொண்டு போகிறது. அதற்கு மூன்று படங்களும் மூன்று பதில் சொல்கின்றன.

ரோஸுக்கு உண்மை தெரியவே தெரியாது. பியரில், பேச்சைப் பதிந்து இசைத்தட்டாகக் கொடுக்கும் கண்ணாடிக் கூண்டு ஒன்று இருக்கிறது. உன் குரலைப் பதிந்து தா என்று அவள் ஆசையாகக் கேட்கிறாள். பிங்கி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, நான் உன்னைக் காதலிக்கிறேன் என்று சொல்ல வேண்டும் என்பதுதானே உன் ஆசை, உண்மையில் உன்னை வெறுக்கிறேன் என்று பதிகிறான். வெளியே அவள் கண்ணாடி வழியாக அவன் வாயசைப்பதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நிற்கிறாள். கரோல் மார்ஷின் அந்தச் சிரிப்பை மறக்க முடியவில்லை. நாவலின் முடிவில் பிங்கி செத்த பிறகு அவள் அந்தத் தட்டைக் கேட்கப் போய்க்கொண்டிருக்கிறாள், கதை அத்தோடு நிற்கிறது. படத்தில் அவள் ஒரு கன்னியாஸ்திரீயின் முன்னால் தட்டைப் போடுகிறாள். பிங்கி அதை உடைக்கப் பார்த்ததில் விழுந்த கீறலில் முள் சிக்கி, 'உன்னைக் காதலிக்கிறேன்' என்ற வார்த்தையே திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. விவரம் தெரிந்த ரசிகன், அடுத்த முறை அவள் முள்ளைத் தள்ளி வைத்து முழுவதையும் கேட்பாள் என்று புரிந்துகொள்வான் என்றார் கிரீன். எனக்கு அந்தச் சமாதானம் போதவில்லை. படம் அங்கே முடிகிறது, அவள் ஏமாந்தவளாகவே முடிகிறாள். அவளை முடிவெடுக்கவே விடவில்லை.

கேத்லீனுக்கு எல்லாம் தெரியும், தயக்கம் கிடையாது. கப்பல் ஏற்றி அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டு ஜானியைக் கண்டுபிடிக்கும்போது அவனால் நடக்கவே முடியவில்லை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் இரும்புக் கம்பி வேலியில் அவனைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பனி பெய்கிறது, போலீஸின் டார்ச் வெளிச்சங்கள் வரிசையாக நெருங்குகின்றன. இன்னும் ரொம்ப தூரமா என்று கேட்கிறான். தூரம்தான், நானும் கூட வருகிறேன் என்கிறாள். தன் துப்பாக்கியால் போலீஸை நோக்கிச் சுடுகிறாள், பதிலுக்கு வந்த குண்டுகளில் இரண்டு பேரும் விழுகிறார்கள். உடைந்து அழ வைக்கும் முடிவு. ஆனாலும் சாவு ஒருவகையில் எளிய வழி, மறுநாள் காலை எழுந்திருக்க வேண்டாம்.

அன்னா எழுந்திருக்க வேண்டியவள். ஹாரி நீர்த்துப்போன பென்சிலினை விற்றுக் குழந்தைகளைச் சாகடித்தவன் என்று அவளிடம் சொல்லிவிடுகிறார்கள். அவள் அதை மறுக்கவில்லை, நியாயப்படுத்தவும் இல்லை. ஒருவரைப் பற்றி நமக்குக் கூடுதலாக ஏதோ தெரிந்துவிட்டதால் அவர் வேறு ஆளாகிவிடுவதில்லை என்கிறாள். சோவியத் படையிடம் சிக்காமல் அவளைக் காப்பாற்ற நினைத்து மார்ட்டின்ஸ் ஹாரியைக் காட்டிக்கொடுக்க ஒப்புக்கொள்கிறான். விஷயம் தெரிந்ததும், பாதுகாப்பான இடத்துக்குப் போகும் ரயிலையே விட்டுவிட்டு இறங்கி வருகிறாள். பாதாளச் சாக்கடைத் துரத்தல் எல்லாம் முடிந்து ஹாரி இரண்டாவது முறை, இம்முறை நிஜமாகவே, புதைக்கப்படுகிறான். இலை உதிரும் நீண்ட கல்லறைச் சாலை. ஓரமாக மார்ட்டின்ஸ் காத்திருக்கிறான். வெகு தூரத்திலிருந்து அன்னா நடந்து வருகிறாள். கேமரா அசையவில்லை. ஆன்டன் காரஸ் வாசித்த ஸிதர் என்ற தந்தி வாத்தியம் மட்டும் ஒலிக்கிறது. அவள் வருகிறாள், வருகிறாள், அவனைக் கடந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விடுகிறாள். அவன் ஒரு சிகரெட்டைப் பற்ற வைக்கிறான்.

இந்த முடிவுக்காக ரீடும் கிரீனும் மோதிக்கொண்டார்கள். அன்னாவும் மார்ட்டின்ஸும் சேர்வதுபோல முடிக்கவே கிரீன் நினைத்தார். இவ்வளவு நேரம் ஒருத்தி நடப்பதை ஜனங்கள் உட்கார்ந்து பார்ப்பார்களா என்றும் அவருக்குச் சந்தேகம். பிறகு ரீட் சொன்னதே சரி என்று அவரே எழுதினார். ராட்டினமோ சாக்கடையோ வெல்ஸோ இல்லை, இந்த நடைதான் என் கணக்கில் 'தி தேர்ட் மேன்'ஐ மற்ற இரண்டுக்கும் மேலே வைக்கிறது. ரோஸை ஏமாற்றியும் கேத்லீனைச் சாகடித்தும் படங்கள் முடித்துக்கொண்ட இடத்தில், இது அன்னாவைத் தன் காலில் நடக்க விடுகிறது.

ஆனாலும் முதலில் பார்க்கச் சொல்வது அதை இல்லை. 'பிரைட்டன் ராக்'கில் தொடங்குங்கள், அடுத்து 'ஆட் மேன் அவுட்', கடைசியாக வியன்னா. அந்த நடையின் கனம் அப்போது முழுதாக ஏறும். 'தி தேர்ட் மேன்'க்கு இரண்டு பிரதிகள் உண்டு. அமெரிக்காவுக்காக 11 நிமிடம் வெட்டிய பிரதியில் தொடக்க வர்ணனை மார்ட்டின்ஸாக நடித்த ஜோசப் காட்டன் குரலில் வரும், பிரிட்டிஷ் பிரதியில் ரீடே பேசுவார். 104 நிமிடம் ஓடும் பிரிட்டிஷ் பிரதியைத் தேடிப் பிடியுங்கள். ஜெர்மன் வசனங்களுக்கும் சப்டைட்டில் போட்ட கோப்பு கிடைத்தால் அதைத் தவிர்த்துவிடுங்கள். வியன்னாக்காரர்கள் பேசுவது மார்ட்டின்ஸுக்குப் புரியாது. அவனுக்குப் புரியாதது நமக்கும் புரியக்கூடாது என்றுதான் ரீட் அவற்றை அப்படியே விட்டார்.