ஜெல்லை யார் வறுப்பது? லென்ஸ் வைக்க டப்பாவா, டிரை கேபினட்டா

2021 பொங்கல் கழிந்த முதல் ஞாயிறு. பள்ளிக்கரணையில் பூநாரை இறங்கியிருக்கிறது என்று கேள்விப்பட்டு, பல மாதமாகத் தொடாத 70-300 லென்ஸை பீரோவிலிருந்து எடுத்தேன். ஊரடங்கில் கேமராவுக்கும் ஊரடங்குதான். பையைத் திறந்ததுமே ஒரு மக்கல் வாசம். மொபைல் டார்ச்சை அடித்துப் பார்த்தால், உள் கண்ணாடி ஒன்றில் வெள்ளையாக வேர் விட்டிருக்கிறது ஃபங்கஸ். நிவர் புயல் மழையும் மார்கழிப் பனியும் அந்தப் பைக்குள் நிம்மதியாகக் குடியிருந்திருக்கின்றன.

பழுதுபார்க்கும் கடையில் லென்ஸைக் கழற்றிச் சுத்தம் செய்து கொடுத்தார்கள். ஆனால் பூஞ்சை வளரும்போது கக்கும் அமிலம் கண்ணாடி மேல் இருக்கும் கோட்டிங்கை அரித்துவிடுகிறது. அந்தத் தடம் துடைத்தால் போவதில்லை. படத்தில் பெரிதாகத் தெரியவில்லைதான். விற்கப் போனபோது தெரிந்தது. வந்தவர் செய்த முதல் வேலை டார்ச் அடித்துப் பார்த்தது, இரண்டாவது வேலை பேசிய விலையைப் பாதியாகக் குறைத்தது. அவர் மேல் தப்பில்லை, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அதற்கப்புறம் இரண்டு வருடம் காற்றுப்புகாத டப்பாவும், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளும். 2023 நடுவிலிருந்து டிரை கேபினட், அதாவது உள்ளே ஈரப்பதத்தைத் தானே குறைத்து வைக்கும் மின்சார அலமாரி. இரண்டோடும் குடித்தனம் நடத்தியவன் என்பதால் எழுதுகிறேன். இப்போதே சொல்லிவிடுகிறேன், நான் கேபினட் கட்சி. ஆனால் கட்சி மாறிய காரணம் கடைக்காரர் சொல்லும் காரணம் இல்லை.

போட்டியில் இல்லாதவற்றை முதலில் ஒதுக்கிவிடலாம். கேமரா பை, எடுத்துப் போவதற்கு மட்டும்தான். அதன் ஃபோமும் துணியும் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெதுவாக லென்ஸுக்கே திருப்பிக் கொடுக்கும். ஏசி அறையில் வைத்தால் போதும் என்பார்கள். ராத்திரி மட்டும் ஓடும் ஏசி அது, மீதி நேரம் அதே கடற்காற்றுதான். இன்னொரு பழைய முறை பல்பு. அந்தக் கால ஸ்டுடியோக்காரர்கள் மரப்பெட்டிக்குள் ஜீரோ வாட் பல்பு எரியவிட்டு லென்ஸ் வைப்பார்கள். பெயர்தான் ஜீரோ வாட், உண்மையில் 12 முதல் 15 வாட் இழுக்கும். அந்தச் சூட்டில் பெட்டிக்குள் நாலைந்து டிகிரி கூடும், ஒவ்வொரு டிகிரிக்கும் ஈரப்பதம் சுமார் இருபதில் ஒரு பங்கு இறங்கும். 80 விழுக்காடு 65 பக்கம் வந்துவிடும். நல்ல யோசனைதான். ஆனால் இப்போது கடையில் கிடைப்பது அரை வாட் எல்இடி. வெளிச்சம் வரும், சூடு வராது.

நமக்கு வேண்டியது 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதம். 60ஐத் தாண்டி நாள் கணக்கில் இருந்தால் ஃபங்கஸுக்கு வழி திறக்கிறது, 70க்கு மேலே போனால் கேட்கவே வேண்டாம். நான் இருப்பது திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்து போகும் தூரத்தில், தரைத்தளத்தில். ஐப்பசி, கார்த்திகையில் வீட்டுக்குள் ஈரப்பத மீட்டர் 80ஐ விட்டு இறங்குவதே இல்லை.

சரி, டப்பா. ரப்பர் வளையம் வைத்த, நாலு பக்கமும் கிளிப் போட்டு மூடும் 12 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா, அரைக் கிலோ ஆரஞ்சு ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் ஒன்று. மூன்றும் சேர்ந்து எனக்கு 1,200 ரூபாய்க்குள் முடிந்தது. 30 லிட்டர் கேபினட்டுக்கு நான் கொடுத்தது கிட்டத்தட்ட 9,000. விலையை மட்டும் பார்த்தால் பேச்சு இங்கேயே முடிந்துவிடும்.

அந்த டப்பாவில் ஐந்தாவது வாரமே ஜெல் பச்சையாகிவிட்டது. ஆரஞ்சு ஜெல் ஈரம் குடித்தால் பச்சையாகும், நீல ஜெல் இளஞ்சிவப்பாகும். இவ்வளவு சீக்கிரம் ஏன் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 30 டிகிரி சூட்டில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவியைத்தான் தாங்கும். அப்படியென்றால் 12 லிட்டர் டப்பாவுக்குள் 80 விழுக்காட்டில் இருப்பது 0.3 கிராம்கூட இல்லை. அதை 45க்கு இறக்க ஜெல் குடிக்க வேண்டியது 0.13 கிராம். வாங்கிய அரைக் கிலோவில் நான் உள்ளே வைத்திருந்ததோ 200 கிராம் ஜெல், 40 கிராம் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கும். டப்பாவை முந்நூறு தடவை திறந்து மூடினாலும் தாங்க வேண்டும். நான் திறந்தது பத்துத் தடவை இருக்கும்.

குற்றவாளி காற்று இல்லை, டப்பாவுக்குள் நானே வைத்தவை. லென்ஸ் உருளக்கூடாதென்று அடியில் விரித்த ஃபோம், லென்ஸோடு வந்த துணிப்பைகள், எல்லாவற்றுக்கும் மேலாக அப்பாவின் பழைய 50 மி.மீ. லென்ஸின் தோல் உறை. தோலும் துணியும் தன் எடையில் பத்து விழுக்காட்டுக்கு மேல்கூட ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஜெல் ஐந்து வாரமாகக் காயவைத்தது லென்ஸை இல்லை, அந்த உறையைத்தான். எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு லென்ஸ்களை வெறும் உடம்போடு நிறுத்தி வைத்தேன். அடுத்த நிறமாற்றத்துக்கு மூன்றரை மாதம் ஆனது. டப்பா வாங்குகிறவர்கள் இந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும்: உள்ளே கண்ணாடி, உலோகம், பிளாஸ்டிக் தவிர எதுவும் வேண்டாம். ஸ்ட்ராப், மேனுவல், அட்டைப்பெட்டி எல்லாம் வெளியே.

அப்படியானால் டப்பாவே போதுமே? போதும்தான். பிரச்சினை வறுப்பதில் வந்தது.

பச்சையான ஜெல்லை மறுபடி ஆரஞ்சாக்க 110, 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடேற்ற வேண்டும். மொட்டைமாடி வெயிலில் காய வைத்துப் பார்த்தேன். வடகம் காயும், ஜெல் காயாது. கடற்காற்றில் அது இன்னும் கொஞ்சம் குடித்துவிட்டுத்தான் கீழே வந்தது. இரும்புச் சட்டியில் போட்டு அடுப்பில் வறுத்தேன். தீ கூடிப்போய் நிறச் சாயம் கருகிவிட்டது. சாயம் போன ஜெல் ஈரம் குடிக்கும், ஆனால் நிரம்பியதும் சொல்லாது. அது இன்னும் ஆபத்து. மைக்ரோவேவில் மணிகள் வெடித்துத் தூளாயின. அந்தத் தூள் லென்ஸ் மேல் படிந்தால் அது வேறு தலைவலி. கடைசியில் ஒழுங்காக வேலை செய்தது ஓடிஜி, அந்தச் சின்ன மின்சார ஓவன், மட்டும்தான்.

ஆனால் அது சமையலறை ஓடிஜி. "கேக் வேகற ஓவன்ல கெமிக்கல வறுக்கறீங்களே, நல்லாவா இருக்கு?" என்று மனைவி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. நீல ஜெல்லாக இருந்திருந்தால் கேள்வி இன்னும் நியாயம். அதில் இருப்பது கோபால்ட் குளோரைடு, சமையலறைப் பக்கமே வரக்கூடாத சாமான். ஆரஞ்சிலும் சாயம்தானே இருக்கிறது. ஆகவே ஓவனைக் கழுவித் துடைப்பதும் என் வேலையாயிற்று. வறுத்ததை மூடிய பாட்டிலில் ஆறவைத்து, மல் துணியில் முடிந்து, டப்பாவில் வைத்து, மறுநாள் மீட்டரைப் பார்த்தால் 18 விழுக்காடு. புதிதாக வறுத்த ஜெல் அவ்வளவு உக்கிரம். காய்ந்த சூழலில் லென்ஸின் ஃபோகஸ் வளையத்துக்குள் இருக்கும் கிரீஸும் ரப்பரும் கெடும் என்பார்கள். என் லென்ஸ்களில் அப்படி எதையும் நான் பார்க்கவில்லை, இருந்தாலும் 18ஐப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனம் வரவில்லை. பாதி ஜெல்லை வெளியே எடுப்பேன், மறுநாள் பார்ப்பேன், ஒரு கைப்பிடி திரும்பப் போடுவேன். உப்பு சரிபார்க்கிற சமையல்காரர் மாதிரி.

இதெல்லாம் ஆர்வம் இருக்கும்வரை சரி. 2022 தீபாவளி சமயம் ஆபீஸில் நெருக்கடி. டப்பாவை எட்டிப் பார்க்கவே இல்லை. டிசம்பரில் திறந்தால் ஜெல் முழுக்கப் பச்சை, மீட்டர் 67. லென்ஸ்கள் தப்பின, அதிர்ஷ்டம்தான். நமக்கு நேரமே இல்லாத மழைக்காலத்தில்தான் டப்பாவுக்கு நம் கவனம் அதிகம் தேவைப்படுகிறது.

இன்னொன்றும் உண்டு, இதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பராமரிப்பு என்பது ஜெல் மட்டும் இல்லை, எடுத்த லென்ஸைத் திரும்ப வைப்பதும்தான். டப்பா கட்டிலுக்கு அடியில் இருந்தது. கல்யாண வரவேற்பு முடிந்து ராத்திரி பதினொன்றுக்கு வீடு திரும்பினால், குனிந்து, இழுத்து, நாலு கிளிப்பைத் திறந்து, அடுக்கி, மூடி... யாருக்கு முடியும்? நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று பை சோபாவிலேயே கிடக்கும். ஒரு நாள் ஒரு வாரமாகும். அதிகம் பயன்படும் லென்ஸ்தான் அதிகம் வெளியே கிடந்தது.

கேபினட் இந்த இரண்டையும் ஒரே அடியில் தீர்த்தது. என்னுடையது பெல்டியர் வகை. பின்பக்கம் ஒரு சின்னக் குளிர்த்தகடு, உள்காற்றின் ஈரம் அதில் பனித்து, திரி வழியாக வெளியே போய் ஆவியாகிவிடும். வறுக்க எதுவும் இல்லை. மின்சாரம் 5 வாட் என்று வைத்தால் வருடத்துக்கு 44 யூனிட், இரண்டு மாத பில்லில் 7 யூனிட் மாதிரி. மொத்த பில்லில் இது கண்ணுக்கே தெரியாது. இன்னொரு வகையில் உள்ளேயே ஈரம் உறிஞ்சும் பொருளும் ஹீட்டரும் இருக்கும். அது தன்னைத்தானே வறுத்துக்கொண்டு ஈரத்தை வெளியே தள்ளும். குளிர்ப் பிரதேசத்தில் பெல்டியரின் வேகம் குறையும் என்பதால் ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் அந்த வகையைப் பார்க்கலாம். நான் அதைப் பயன்படுத்தியதில்லை, சென்னை வெக்கைக்கு எனக்குப் பெல்டியரே போதுமாக இருக்கிறது.

கண்ணாடிக் கதவு, கண் உயரத்தில், ஹாலில். வந்ததும் கதவைத் திறந்து லென்ஸை உள்ளே வைத்துவிட்டுத்தான் சட்டையே மாற்றுகிறேன். மேல் தட்டில் அடிக்கடி எடுக்கும் 50ம் 18-55ம், கீழ்த்தட்டில் அப்பாவின் 50ம், விற்கும்வரை 100 மேக்ரோவும். ஃபங்கஸ் வந்த அந்த 70-300ஐ இவற்றோடு சேர்க்கவில்லை. ஒவ்வொரு லென்ஸின் பின் கேப்பிலும் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி எண் எழுதி, அந்தப் பக்கம் மேலே தெரிய நிறுத்தி வைக்கிறேன், தேட வேண்டியதில்லை. தோல் உறைக்கு இங்கேயும் அனுமதி இல்லை.

கேபினட்டின் குறைகளையும் சொல்ல வேண்டும். முதல் குறை, அதன் மீட்டர் பொய் சொல்லும். முகப்பில் 45 என்று காட்டியபோது உள்ளே வைத்த என் ஹைக்ரோமீட்டர் 52 காட்டியது. எதை நம்புவது? உப்பை நம்பினேன். பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, ஈரமணல் பதத்துக்குத் தண்ணீர் விட்டு, மீட்டரோடு ஜிப் பையில் மூடி ஒரு ராத்திரி வைத்தால் உள்ளே ஈரப்பதம் 75 விழுக்காட்டில் நிற்கும். என் மீட்டர் 71 காட்டியது, அதாவது நாலு குறைவு. அப்படியென்றால் கேபினட்டின் 45 உண்மையில் 56. இப்போது 38இல் வைத்திருக்கிறேன், அசல் 48, 49 வருகிறது. எது வாங்கினாலும் தனியாக ஒரு மீட்டர் வாங்கி உப்பில் ஒரு ராத்திரி தூங்க வையுங்கள்.

இரண்டாவது, கரண்ட். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. கதவைத் திறக்காமல் விட்டேன், 48 மெல்ல ஏறி 57 வரை போனது. ஒரு வாரம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரிந்துகொள்ள ஆசையில்லை. டப்பாவுக்கு இந்தக் கவலை கிடையாது, அது புயலுக்கு அசையாது. அதனால் வறுத்த ஜெல் கொஞ்சம் பாட்டிலில் எப்போதும் வைத்திருக்கிறேன். புயல் அறிவிப்பு வந்தால் ஒரு முடிச்சு கேபினட்டுக்குள் போகும்.

மூன்றாவது, ஆயுள். பெல்டியர் சில்லு எத்தனை வருடம் ஓடும் என்று சொல்லும் அளவுக்கு என் அனுபவம் போதாது. டப்பாவில் கெட்டுப்போக ரப்பர் வளையம் ஒன்றுதான் இருக்கிறது.

ஒன்றிரண்டு லென்ஸ் மட்டும் வைத்திருப்பவர், வருடா வருடம் வாடகை வீடு மாறுகிறவர், ஹாஸ்டலில் இருப்பவர் டப்பாவையே வாங்கலாம். அலுக்காமல் ஜெல் வறுக்கும் பொறுமைசாலிகளும்தான். எனக்குத் தெரிந்து அப்படி ஒருவர் இருக்கிறார், மாதப் பிறப்பன்று விளக்கேற்றுவது போல ஜெல்லை எடுத்து ஓவனில் வைப்பார். அவர் லென்ஸ்கள் என்னுடையதைவிடச் சுத்தம்.

போன வருடம் மேக்ரோவை விற்றேன். வந்தவர் வழக்கம்போல டார்ச் அடித்தார், இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார், பேசிய விலையை அப்படியே ஜிபேயில் போட்டுவிட்டு டீகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

12 லிட்டர் டப்பா இப்போது சமையலறையில் இருக்கிறது, கழுவிக் காயவைத்து மனைவி எடுத்துக்கொண்டாள். உள்ளே அப்பளமும் கூழ்வடகமும். போன கார்த்திகை முழுக்க ஒன்றுகூட நமத்துப் போகவில்லை.