ஹேஷ்டேக் பகிஷ்கரிப்பு: ரசிகர் கையில் இது வேலை செய்யுமா?

டிக்கெட் விலை கூடிவிட்டது, அறிவித்த பரிசுத்தொகை முழுதாகக் கைக்கு வரவில்லை, காலை எட்டு மணி என்ற போட்டி பதினொன்றுக்குத் தொடங்கியது. குறை எதுவானாலும் திருகோணமலை ரசிகர் முதலில் எடுப்பது போனைத்தான். ‘பகிஷ்கரிப்போம்’ என்று ஒரு ஹேஷ்டேக், கீழே நாலு கோப முகம். செலவு இல்லை, ஐந்து நிமிட வேலை. சந்தைக்கு வந்த ஒரு பொருளை எடைபோடுவதுபோல இந்தக் கருவியையும் எடைபோட்டுப் பார்க்கலாம். ட்ரெண்டிங்கோடு நின்றால் 10க்கு 2. அனுசரணையாளரைத் தொட்டால் 7.

முதலில் தோற்ற கதை. 2022 பெப்ரவரி ஐ.பி.எல். கிரிக்கெட் ஏலத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் இலங்கைச் சிங்கள வீரர் மகேஷ் தீக்ஷனவை 70 இலட்சம் இந்திய ரூபாவுக்கு எடுத்ததும், அந்த அணியைப் பகிஷ்கரிக்கச் சொல்லும் ஹேஷ்டேக் தமிழகத்தில் ட்ரெண்ட் ஆனது. அணி அசையவில்லை. தீக்ஷன அதே பருவத்தில் மஞ்சள் சட்டையோடு பந்து வீசினார். ஐ.பி.எல். அணியின் வருமானத்தில் பெரும்பங்கு ஒளிபரப்பு உரிமையிலிருந்து வருகிறது. அந்தப் பேரம் முதல் பந்து விழ வெகு காலத்துக்கு முன்பே முடிந்துவிடும். ட்வீட் போட்டவர் அந்தக் காசில் கை வைக்கவே இல்லை. திருட்டு லிங்கில் மேட்ச் பார்க்கிறவர் ‘இனிப் பார்க்க மாட்டேன்’ என்று சபதம் எடுத்தால் யாருக்கு நட்டம்?

காசு கட்டுகிறவர் விலகினாலும் கணக்கு சிலவேளை பிழையாகிவிடும். 2015 ஜனவரி 25 றோயல் ரம்பிள் மல்யுத்தப் போட்டியில் ரசிகர் விரும்பாத ரோமன் ரெயின்ஸ் வென்றதும், அதை நடத்தும் டபிள்யூ.டபிள்யூ.ஈ. நிறுவனத்தின் நெட்வேர்க் என்ற இணைய ஒளிபரப்புக்கான மாதம் 9.99 டொலர் சந்தாவை ரத்துச் செய்யச் சொல்லும் ஹேஷ்டேக் பறந்தது. இரண்டே நாளில் நிறுவனம் பத்து இலட்சம் சந்தாதாரரைத் தாண்டியதாக அறிவித்தது. ஒன்பது வருடம் கழித்து, 2024 பெப்ரவரியில், பட்டத்துக்கான பெரிய போட்டியில் மல்யுத்த வீரர் கோடி ரோட்ஸின் இடத்தை த றொக் எடுக்கப் போவதாகத் தெரிந்ததும் ரசிகர் கொதித்தார்கள். ஒரு கிழமைக்குள் திட்டம் மாறியது; ஏப்ரலில் கோடி ரோட்ஸ்தான் பட்டம் வென்றார். இரண்டாம் தடவை ரசிகர் கேட்டது ஒரு பெயர், ஒரு போட்டி. அதைக் கொடுத்ததால் நிறுவனத்துக்குச் சல்லிக்காசு நட்டமில்லை. கேட்பது தெளிவாகவும் கொடுப்பது மலிவாகவும் இருந்தால் ஏற்பாட்டாளர் சீக்கிரம் இறங்கி வருவார்.

இனி வென்ற கதைகள். 2016 பெப்ரவரி 6 அன்று, 77 பவுண்ட் டிக்கெட் திட்டத்துக்கு எதிராக இங்கிலாந்தின் லிவர்பூல் உதைபந்தாட்ட அணி ரசிகர் ஆயிரக்கணக்கில் 77ஆவது நிமிடம் எழுந்து வெளியே போனார்கள். அப்போது 2-0 என்று முன்னணியில் நின்ற அணி 2-2 என்று முடித்தது. நாலு நாளில் உரிமையாளர் மன்னிப்புக் கேட்டுத் திட்டத்தைக் கைவிட்டார்கள். 2021இல் மன்செஸ்டர் யுனைட்டட் ரசிகர் உரிமையாளரை விட்டுவிட்டு அனுசரணையாளரைப் பிடித்தார்கள். ‘இனி ஒரு பென்னிகூட இல்லை’ என்ற கோஷத்தோடு அந்த நிறுவனங்களின் பொருளை வாங்காதே என்று பரப்பினார்கள். பயிற்சி உடைக்கு 10 வருடம், 20 கோடி பவுண்ட் என்று பேசப்பட்ட ஒப்பந்தத்திலிருந்து ஒரு நிறுவனம் விலகியது. இரண்டிலும் இணையம் ஆள் சேர்க்கத்தான் பயன்பட்டது. அடி விழுந்த இடம் காலி ஆசனமும் கடைக் கல்லாவும்.

இந்த வகையில் நம்மூர் ரசிகரின் பலம் சென்னை ரசிகரின் பலத்தைவிடப் பெரிது. மெக்ஹெய்சர் மைதானத்திலோ ஏகாம்பரம் மைதானத்திலோ நடக்கும் மென்பந்து, உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டிக்கு ஒளிபரப்புப் பணம் கிடையாது. அணிகளின் நுழைவுக்கட்டணம், நகைக்கடை, புடவைக்கடை, ஹார்ட்வெயார், டியூஷன் சென்டர் விளம்பரம், கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் கழகத்தின் பழைய விளையாட்டுக்காரர் அனுப்பும் காசு, இவ்வளவுதான் வரவு. நகைக்கடை முதலாளியை வீதியில் நாளும் பார்க்கிறோம். அவருக்கு நாலு வாடிக்கையாளர் மரியாதையாகச் சொல்லும் சொல்லுக்கு நாலாயிரம் லைக்கின் கனம் உண்டு.

எப்போது சொல்வது என்பதுதான் முக்கியம். பிளெக்ஸ் அச்சுக்குப் போகும் முன் சொல்ல வேண்டும். பிரதான அனுசரணை, இணை அனுசரணை, பந்து, தண்ணீர்ப் போத்தல் என்று பிரித்துக் கடிதம் போகும்போது முற்பணம் பாதிதான் கைமாறியிருக்கும். பதாகை கட்டியபின் கடைக்காரர் பின்வாங்க வழியில்லை. அவர் பெயர் கோல் கம்பத்துக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருக்கும். போட்டிக்கு மூன்று கிழமை இருக்கும்போது தொடங்குவது நல்லது. கடைசி நாள் கத்தினால் கூட்டம்தான் கூடும்.

கோரிக்கை ஒரு வரியில் இருக்கட்டும்: ‘இறுதிப்போட்டி முடிந்த மேடையிலேயே பரிசுத்தொகை முழுதாகக் கொடுக்கப்படும் என்று விதிமுறையில் எழுதுங்கள்.’ ‘நீதி வேண்டும்’ என்றால் எதைக் கொடுத்தால் நிறுத்துவீர்கள் என்று எவருக்கும் புரியாது. தமிழிலும் சிங்களத்திலும் போடவும். நகரத்தில் மைதானத்துக்கு வருகிறவர் எல்லோரும் தமிழ் படிப்பவர் அல்லர். ஹேஷ்டேக்கில் இடைவெளியோ புள்ளியோ வந்தால் அந்த இடத்தில் அறுந்துவிடும், அடிக்கோடு போடலாம். எழுத்துக்கூட்டல் ஒன்றாக இருக்க வேண்டும். பகிஷ்கரிப்பு, பகிஸ்கரிப்பு, புறக்கணிப்பு என்று மூன்று ஓடினால் மூன்றும் சின்னதாகவே கிடக்கும். முதலில் ஒருவர் எழுதி வட்ஸ்அப்பில் அனுப்ப, மற்றவர்கள் அதையே பிரதி எடுத்து ஒட்டட்டும்.

அதிகம் பிழை விடும் இடம் ஏற்பாட்டாளரின் பேஸ்புக் பக்கம். அவருடைய போஸ்டருக்குக் கீழே போய்த் திட்டினால் அந்தப் போஸ்டர் இன்னும் பலர் கண்ணில் படும். கருத்து எதுவானாலும் ஈடுபாடுதான் என்று அல்காரிதம் கணக்குப் பண்ணுகிறது. 2017இல் பேஸ்புக் கோப முகத்துக்கு ஒரு லைக்கைப்போல ஐந்து மடங்கு எடை கொடுத்தது. 2020இல்தான் அதைப் பூச்சியம் ஆக்கியது. திட்டுவது இலவச விளம்பரம். உங்கள் பக்கத்தில் எழுதி, அனுசரணையாளரை டேக் செய்யுங்கள். போகாத போட்டியைப் ‘பரிந்துரைக்க மாட்டேன்’ என்று மதிப்பிடுவதிலும் பயனில்லை. பக்க உரிமையாளர் மதிப்பீட்டுப் பகுதியை ஒரு சொடுக்கில் மூடிவிடலாம்.

சட்டத்தையும் மறக்கக்கூடாது. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இணையத்தில் போடும் பொய்யான கூற்றுக்களைக் குறிவைக்கிறது. ‘கள்ளன்’ என்று எழுதாமல், அறிவித்த தொகை, கொடுத்த தொகை, திகதி மூன்றையும் போஸ்டரின் ஸ்கிரீன்ஷொட்டோடு போடுங்கள். டிக்கெட் காசு திரும்பி வரவில்லை என்றால் பகிஷ்கரிப்புக்கு முன் நுகர்வோர் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்கலாம். பற்றுச்சீட்டு, கட்டிய வங்கிச் சீட்டு கையில் இருக்கட்டும்.

இந்தக் கருவியில் உண்மையான குறை ஒன்று உண்டு. அது குறி பார்த்து அடிக்காது. கிண்ணியாவிலிருந்தோ மூதூரிலிருந்தோ வான் பிடித்து வரும் அணி நுழைவுக்கட்டணத்தை ஏற்கெனவே கட்டியிருக்கும். போட்டி நின்றால் அந்தக் காசும் வான் கூலியும் பையன்கள் தலையில்தான் விழும். அதனால் ‘போட்டி நடத்தாதே’ என்பதைவிட ‘இதைத் திருத்தி நடத்து’ என்பதே நம்மூருக்குப் பொருந்தும். இன்னொன்று, யாராவது ஒருவர் இனத்தையோ மதத்தையோ இழுத்துவிட்டால் அன்றைக்கே பரிசுத்தொகைப் பேச்சு செத்துவிடும். அட்மின் அந்தக் கருத்தை உடனே தூக்க வேண்டும், விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது.

ஏற்பாட்டாளர் இறங்கி வந்தால் வாய்ச்சொல்லோடு விடாமல் கழகத்தின் கடிதத் தலைப்பில், கையொப்பத்தோடு வாங்குங்கள். வாங்கியதும் ஹேஷ்டேக்கை நிறுத்தி, நிறுத்தியதாக அனுசரணையாளருக்கும் சொல்லுங்கள். அடுத்த தடவை அவர் உங்கள் போனை எடுக்க வேண்டுமே.