தனுஷ்கோடி மணலில் கிடைத்த ‘இரிடியம் கலசம்’: சோதனைக் கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

தனுஷ்கோடிக் கரையில் மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடிய ஒருவருக்குக் கூம்பு வடிவில், பச்சைக் களிம்பேறிய உலோகத் துண்டு ஒன்று கிடைத்தது. அடிப்பக்கத் துளையில் மணலும் சுண்ணாம்பும் கல்லாக இறுகியிருந்தன. படத்தைப் பார்த்துத் தேடி வந்த ‘நிபுணர்’, இது இடி விழுந்த கோபுரக் கலசம், இரிடியம் என்ற விலையுயர்ந்த உலோகம் ஏறியிருக்கிறது என்றார். இரிடியம் அரிசியை இழுக்கும் என்று சொல்லி, அரிசி ஒட்டியும் காட்டினார். சோதனைக் கட்டணம் 18,000 ரூபாய் போனது, ஆளையும் காணோம்.

அரிசி வித்தை பழையது. அரிசி மணிக்குள் மெல்லிய இரும்புக் கம்பி, கைக்குள் காந்தம். உங்கள் வீட்டு அரிசியை நீட்டுங்கள், ஒட்டாது. இரிடியத்துக்கும் அரிசியை இழுக்கும் குணம் கிடையாது.

மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசு ஒன்று போதும். முதலில் பொருளை நல்ல தண்ணீரில் இரண்டு நாள் ஊறவிட்டு, துளை மணலை மூங்கில் குச்சியால் குத்தி எடுங்கள். மணல் தங்கினால் கணக்கு தப்பும். ஈரம் காய்ந்ததும் நிறுங்கள். அடுத்து, தண்ணீர்ப் பாத்திரத்தைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கி, பொருளை நூலில் கட்டி முழுக்க முக்குங்கள். அடியில் தட்டினால் முழு எடையும் ஏறிவிடும். குமிழி இருந்தால் அசைத்து விரட்டுங்கள். உலர் எடையை இப்போது தெரியும் எண்ணால் வகுத்தால் அடர்த்தி.

இந்தக் ‘கலசம்’ 640 கிராம். தண்ணீரில் 75 காட்டியது. அடர்த்தி 8.5, அதாவது பித்தளை. இரும்பு 7.9, செம்பு 9, ஈயம் 11.3, தங்கம் 19.3. இரிடியம் 22.5, அதுவாக இருந்தால் தராசு 28-தான் காட்டியிருக்கும்.

மணல் போனதும் துளைக்குள் மரை (திருகு வரி) தெரிந்தது, வெளியே ஸ்பேனர் பிடிக்கும் பட்டைகள், குறுக்கே பின் செருகும் ஓட்டை. விசைப்படகில் புரொப்பல்லரைச் சுழல் தண்டோடு இறுக்கும் கூம்பு நட்! கோபுரக் கலசம் செம்புத் தகட்டில் கூடாக அடிப்பது. உள்ளே வரகு போடுவார்கள், மரை எதற்கு? இந்தக் கரையில் வலை ஈயக்குண்டும், 1964 புயலில் போன ரயில் பாதையின் போல்ட்டும்கூட ‘புதையல்’ ஆகிவிடுகின்றன.

சுத்தம் செய்து தருகிறேன் என்று ஆசிட் பாட்டிலை எடுப்பவரிடமும் பொருளைக் கொடுக்காதீர்கள். நட்டுக்கு நஷ்டமில்லை, அதுவே ராமநாதபுரம் சேதுபதி மன்னர்களின் பழங்காசாக இருந்தால் எழுத்து களிம்போடு கரைந்துவிடும். காசோ சிலையோ மண்ணில் புதைந்து கிடைத்து, மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ‘சொன்னால் கேஸ் ஆகும், ரகசியமாக முடிப்போம்’ என்பது மோசடிக்காரர்கள் போடும் அடுத்த தூண்டில்.

ஒன்றுக்கு மட்டும் தராசு வேண்டாம்: வெடிகுண்டு, தோட்டா போன்ற உருளை. தொடாமல், இடத்தில் அடையாளம் வைத்து விலகி, 100-க்கு அழையுங்கள்.