மசராட்டி 250எஃப் மாதிரிக் கார்: ஒரு நட்டும் ஓர் இருக்கையும்

1957 ஆகஸ்ட் 4 அன்று ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் அர்ஜென்டினா வீரர் ஹுவான் மானுவல் ஃபாஞ்சியோ ஓட்டிய மசராட்டி 250எஃப் பந்தயக் காரை, பதினெட்டில் ஒரு பங்கு அளவில் உலோகத்தில் வார்த்து விற்கிறார்கள். அந்தப் பந்தயத்தை அறிந்தவர்கள் பெட்டியைத் திறந்ததும் இரண்டு இடங்களைத்தான் தேடுவார்கள்: சக்கரத்தின் நடுவிலுள்ள நட்டு, ஓட்டுநரின் இருக்கை.

ஃபெராரி அணியின் மைக் ஹாத்தோர்னும் பீட்டர் காலின்ஸும் எங்கும் நிற்காமல் ஓடி முடிக்கத் திட்டமிட்டிருக்க, ஃபாஞ்சியோ பாதித் தொட்டி எரிபொருளுடன் புறப்பட்டு, எடை குறைந்த காரில் முன்னிலை சேர்த்துக்கொண்டு, 12ஆம் சுற்றின் முடிவில் எரிபொருளுக்கும் டயர்களுக்குமாக நின்றார். சக்கர நட்டு ஒன்று காருக்கு அடியில் உருண்டுவிட, அவர் சேர்த்திருந்த அரை நிமிட முன்னிலை போய், அதற்கும் மேலான பின்னடைவுடன்தான் வெளியேற முடிந்தது. ஒரு சுற்றே ஏறத்தாழ 22.8 கிலோமீட்டர் நீளும் அந்த மலைத் தடத்தில் சாதனை நேரத்தை மீண்டும் மீண்டும் முறியடித்து, 20ஆம் சுற்றை 9 நிமிடம் 17.4 நொடியில் முடித்து, கடைசிக்கு முந்தைய சுற்றில் இருவரையும் கடந்தார். இடையில் இருக்கை வேறு கழன்று ஆடியதால், முழங்காலை முட்டுக்கொடுத்து உடலை நிறுத்திக்கொண்டே ஓட்டினார். அப்போது அவருக்கு வயது 46. ஐந்தாவது ஃபார்முலா ஒன் உலகப் பட்டம் அன்றே உறுதியானது.

இந்த மாதிரியில் நட்டு உண்மையாகவே கழல்கிறது. கழற்றினால் கம்பிகள் ஒவ்வொன்றாகக் கோக்கப்பட்ட சக்கரம் தனியே கையில் வருகிறது. வால்பகுதியில் பெரிய எரிபொருள் தொட்டியும், முன்மூடியைத் தூக்கினால் ஆறு சிலிண்டர் இயந்திரமும் தெளிவாகத் தெரிகின்றன. இருக்கைதான் ஏமாற்றம். அதைத் தரையோடு ஒட்டிவிட்டார்கள். கழன்று போனதற்காகவே பேர்பெற்ற இருக்கைக்கு இவ்வளவு பசை எதற்கு? பூச்சின் பளபளப்பும் கூடுதல்தான். பந்தயத்துக்குப் போன கார் என்று சொல்ல ஓர் எண்ணெய்க் கறைகூட இல்லை.

உடன் வரும் சிறு கையேடு மேலும் மோசம். 51 பந்தயங்களில் 24 வெற்றி, நான்கு வெவ்வேறு நிறுவனங்களின் கார்களில் ஐந்து பட்டங்கள் என்று எண்களைச் சரியாகவே தருகிறது. ஆனால் அர்ஜென்டினாவின் பால்கார்சே ஊரில் சிறுவயதிலேயே பட்டறை வேலை பழகியவர் என்பதையும், 1952இல் இரவு முழுவதும் சாலையில் காரோட்டி இத்தாலியின் மொன்சா தடத்துக்கு வந்த களைப்போடு பந்தயத்தில் இறங்கிக் கழுத்தெலும்பு முறிந்ததையும், 1958இல் ஹவானாவில் காஸ்ட்ரோவின் புரட்சிக்காரர்கள் கடத்திச் சென்று பின்னர் நலமாக விடுவித்ததையும் விட்டுவிட்டது. இந்த காருக்கே உரிய செய்தியையும் அதில் காணோம்: 1954 ஜனவரியில் புவெனஸ் அயர்ஸில் 250எஃப் முதன்முதலாக உலகப் பட்டப் பந்தயத்தில் ஓடியபோது வென்றவர் ஃபாஞ்சியோ, 1958 ஜூலையில் பிரான்சின் ரெய்ம்ஸில் நான்காவதாக வந்து அவர் பந்தயங்களிலிருந்து விடைபெற்றதும் 250எஃப் காரில்தான்.

சக்கரங்கள் கழலாத மலிவுப் பதிப்பு ஒன்றும் கிடைக்கிறது. அலமாரியில் வைத்துப் பார்ப்பதற்கு அது போதும். நூர்பர்க்ரிங்கிற்காக வாங்குபவர்கள் கூடுதல் பணம் கொடுத்து இதையே வாங்கலாம். நட்டுகள் மிகச் சிறியவை என்பதால், கீழே ஒரு வெள்ளைத் துணியை விரித்துக்கொண்டு கழற்றுவது நல்லது.