பசுமை ஹைட்ரஜன் கற்றல் பெட்டி: கருவி நன்று, கையேடு அப்படியில்லை

புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தால் நீரைப் பிரித்துப் பெறும் பசுமை ஹைட்ரஜன் எவ்வாறு உருவாகிறது என்பதை மேசையின் மீதே செய்து காட்டுவதற்கென விற்கப்படும் கற்றல் பெட்டிகளில் ஒன்றைப் பற்றிய மதிப்பீடு இது. உள்ளங்கை அளவுச் சூரியத் தகடு, நீரைப் பிரிப்பதையும், பிரிந்த வாயுக்களை மீண்டும் சேர்த்து மின்சாரம் தருவதையும் மாறிமாறிச் செய்யும் மீள்வகை எரிபொருள் கலம், மில்லிலிட்டர் குறியிட்ட இரண்டு உருளைகள், சிலிகான் குழாய்கள், மோட்டார் பொருத்திய சிறு கார், வண்ணப் படங்கள் நிறைந்த கையேடு ஆகியவை பெட்டிக்குள் உள்ளன. கருவியில் குறை சொல்ல அதிகம் இல்லை. கையேட்டைப் பற்றி அவ்வாறு கூற இயலவில்லை.

கலத்தில் காய்ச்சி வடித்த நீரை நிரப்பிச் சூரியத் தகட்டை வெயிலில் வைத்தவுடன் இருபுறமும் குமிழிகள் எழத் தொடங்குகின்றன. நல்ல வெயிலில் சில நிமிடங்களிலேயே ஓர் உருளையில் 10 மில்லிலிட்டர் அளவுக்கு ஹைட்ரஜன் சேர்ந்துவிடுகிறது. மற்றோர் உருளையில் அதில் பாதியளவு ஆக்ஸிஜன் இருக்க வேண்டும் என்று கையேடு கூறுகிறது. ஆனால் அளந்து பார்த்தால் பாதிக்கும் சற்றுக் குறைவாகவே இருக்கும். ஆக்ஸிஜன் ஹைட்ரஜனைவிட நீரில் கூடுதலாகக் கரைவது இதற்கு ஒரு காரணம். கையேடு இதை விளக்காததால், சோதனை பிழையாகிவிட்டது என்று மாணவர் கருதிக்கொள்ள வாய்ப்புண்டு.

கலத்தின் நடுவே புரோட்டான்களை (ஹைட்ரஜன் அயனிகளை) மட்டும் கடத்தும் பாலிமர் சவ்வு ஒன்று உள்ளது. குழாய் நீரை ஊற்றினால் அதிலுள்ள கால்சியம், சோடியம் போன்ற உலோக அயனிகள் சவ்வில் படிந்து அதன் கடத்தும் திறனைக் கெடுத்துவிடும்; மின்முனைகளை மாற்றி இணைத்தால் வினையூக்கிப் பூச்சு பாழாகும். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டிய இவ்விரு எச்சரிக்கைகளும் கடைசிப் பக்கத்தின் அடியில் சிற்றெழுத்தில் அச்சாகியுள்ளன. பெட்டியின் விலையில் பெரும்பகுதி அந்தக் கலத்துக்கானது என்பதை எண்ணும்போது இந்த அலட்சியத்தை எளிதில் மன்னிக்க முடியாது.

இந்தப் பெட்டியின் உண்மையான பயன், அதில் இல்லாத ஒரு கருவியைச் சேர்த்துக்கொள்ளும்போதுதான் தெரியவருகிறது. சாதாரண மின்னழுத்தமானி ஒன்றை இணைத்துப் பார்த்தால், நீரைப் பிரிக்கும்போது கலத்தின் குறுக்கே ஏறத்தாழ 1.7 வோல்ட் காட்டுகிறது. அதே கலம் கார் மோட்டாரை ஓட்டும்போது ஏறத்தாழ 0.7 வோல்ட்தான் தருகிறது. நீரைப் பிரிக்கக் கோட்பாட்டளவில் 1.23 வோல்ட் போதும். நடைமுறையில் வினையைத் தகுந்த வேகத்தில் நடத்தக் கூடுதலாகச் செலுத்த வேண்டியுள்ளது, திரும்பப் பெறும்போதோ குறைவாகவே கிடைக்கிறது. வாயு சிறிதும் வீணாகவில்லை என்று வைத்துக்கொண்டால் இரு திசைகளிலும் பாயும் மின்னூட்டம் ஒன்றுதான், ஆகவே 0.7-ஐ 1.7-ஆல் வகுத்தாலே திரும்பக் கிடைக்கும் ஆற்றலின் பங்கு தெரிந்துவிடும்: சுமார் 41 விழுக்காடு. மீதி வெப்பமாகப் போய்விடுகிறது. இது பொம்மைக்கு மட்டும் உரிய குறையன்று. மின்சாரத்தால் நீரைப் பிரிக்கும் தொழிற்சாலை மின்னாற்பகுப்புக் கருவிகள் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 50 முதல் 55 கிலோவாட் மணி வரை மின்சாரத்தைச் செலவிடுகின்றன. அந்த ஒரு கிலோவில் பயன்படுத்தத்தக்க ஆற்றல் சுமார் 33 கிலோவாட் மணி. எரிபொருள் கலம் அதிலும் ஏறத்தாழ பாதியையே மின்சாரமாக மீட்டுத் தருகிறது. லித்தியம் அயனி மின்கலமோ சேமித்ததில் சுமார் 90 விழுக்காட்டைத் திருப்பித் தந்துவிடும். இந்தக் கணக்கைப் பள்ளி மாணவர் ஒருவர் தம் கையாலேயே அளந்து காண முடிகிறது என்பதற்காகவே இப்பெட்டியை வாங்கலாம். அந்தச் சோதனை கையேட்டில் இல்லை என்பது விந்தைதான்.

சேமிப்பைப் பற்றியும் பெட்டி தன்னையறியாமல் நல்ல பாடம் நடத்துகிறது. மாலையில் நிரப்பிவைத்த உருளையை மறுநாள் பார்த்தால் ஹைட்ரஜனின் அளவு கண்கூடாகக் குறைந்திருக்கும். சிலிகான் குழாயின் சுவர் வழியாகவே அது கசிகிறது. மேலும், சாதாரண அழுத்தத்தில் ஒரு கிராம் ஹைட்ரஜன் ஏறத்தாழ 12 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பதால், எரிபொருள் கல வாகனங்களில் அதை 700 பார் (வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 700 மடங்கு) அழுத்தத்தில் அடைக்கிறார்கள். திரவமாக்க வேண்டுமானால் மைனஸ் 253 பாகை செல்சியஸுக்குக் குளிர்விக்க வேண்டும். இவற்றுக்கும் தனியே ஆற்றல் செலவாகிறது.

கையேடு ஹைட்ரஜனை "வற்றாத ஆற்றல் மூலம்" என்று வருணிப்பது தவறு. சூரியத் தகட்டைக் கழற்றிய மறுகணமே குமிழிகள் நின்றுவிடுவதைக் காட்டும் கருவியுடனேயே இந்த வரியையும் அச்சிட்டுத் தருகிறார்கள். ஹைட்ரஜன் ஆற்றலைச் சுமந்து செல்லும் ஊடகம். அது பசுமையா என்பதை அதைப் பிரித்த மின்சாரமே தீர்மானிக்கிறது. இன்று உலகில் உற்பத்தியாகும் ஹைட்ரஜனில் மிகப் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருகிறது. எரிவாயு வழியில் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குச் சுமார் 9 முதல் 10 கிலோ கார்பன் டைஆக்சைடு வெளியேறுகிறது. உரத்துக்கான அம்மோனியா, எண்ணெய்ச் சுத்திகரிப்பு, இரும்புத் தாதுவிலிருந்து ஆக்ஸிஜனை நீக்கும் எஃகு ஆலை போன்றவற்றில்தான் பசுமை ஹைட்ரஜனுக்கு முதல் வேலை இருக்கிறது. கையேட்டிலோ பக்கத்துக்குப் பக்கம் கார்களே ஓடுகின்றன. நீரைப் பிரித்து ஹைட்ரஜன் பெறுவதை இந்த நூற்றாண்டின் புதுமை என்று சொல்வதும் சரியன்று: 1800-இலேயே ஆங்கிலேயர்களான நிக்கல்சனும் கார்லைலும் மின்சாரத்தால் நீரைப் பிரித்தனர், நார்வேயின் ருயுக்கான் பகுதியில் 1920களின் இறுதியிலேயே நீர்மின்சாரத்தைக் கொண்டு பேரளவில் ஹைட்ரஜன் தயாரித்து உரம் செய்தார்கள்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, இவ்வளவு சிறிய அளவு வாயுவால் பெரிய ஆபத்து இல்லை. அருகில் தீ இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

வாங்க விரும்புவோர் முடிந்தால் மீள்வகைக் கலத்தைத் தவிர்த்து, மின்னாற்பகுப்புக் கலமும் எரிபொருள் கலமும் தனித்தனியாக உள்ள பெட்டியைத் தேர்ந்தெடுக்கலாம். அதில் ஒன்று பழுதானாலும் மற்றது தப்பும். இரண்டின் மின்னழுத்தத்தையும் ஒரே நேரத்தில் அளக்கவும் முடியும். கலம் மட்டும் உதிரியாகக் கிடைக்குமா என்பதை விற்பனையாளரிடம் முன்கூட்டியே கேட்டு உறுதிசெய்துகொள்வதும், காய்ச்சி வடித்த நீரைத் தனியே வாங்கி வைத்துக்கொள்வதும் அவசியம்.